டிஸ்ப்ளே போச்சுன்னா கம்ப்யூட்டரே போச்சா?



கம்ப்யூட்டருக்கு எத்தனையோ நோய் வரலாம். ஆனால் நாம் சொல்வது ஒரே ஒரு நோயின் பெயரைத்தான். "சார், டிஸ்ப்ளே போச்சு!" வயிற்றுவலியோ, பல்வலியோ, காய்ச்சலோ, எதுவாக இருந்தாலும் 'உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று லீவு லெட்டர் எழுதுகிறோமே, அதே கதைதான். லீவு லெட்டருக்கு அது போதும். வைத்தியம் பார்க்கிறவருக்குப் போதுமா?

டிஸ்ப்ளே அடிக்கடி போய்ப் போய் வருகிற பழைய கம்ப்யூட்டர், தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி. எந்த நேரத்தில் போகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பாதி வைத்தியம் முடிந்தது. எழுதாமல், மூடியைத் திறந்தும் பார்க்காமல், 'கண்டம்' பண்ணி ஸ்டோர் ரூமுக்கு அனுப்புகிறோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

'செராமிக் படிக்கிறவனுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை?' என்று சிலர் கேட்கலாம். விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தகுதி உண்டு. சூளையில் பானை வெந்துகொண்டிருக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? அரை மணிக்கு ஒரு தரம் தெர்மோகப்பிளைப் பார்த்து லாக் புக்கில் சூட்டை எழுதுகிறோம். மறுநாள் சூளையைத் திறந்தால் நான்கு சாஸர் கோணிக்கொண்டு நிற்கிறது. உடனே 'சூளை போச்சு' என்று யாராவது சொல்கிறார்களா? லாக் புக்கைப் புரட்டி, எந்த மணியில் சூடு சட்டென்று ஏறியது என்று தேடுகிறோம். களிமண்ணுக்குக் கொடுக்கும் அந்த மரியாதையைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் கொடுப்பதில்லை?

எங்கள் லேபில் மூன்றாவது வரிசையில் கடைசியாக ஒரு கம்ப்யூட்டர். காலையில் ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், பச்சை விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். லேப் அண்ணனிடம் போய்ச் சொன்னால் அவர் கைவசம் ஒரே மருந்துதான்.

"சைடுல ரெண்டு தட்டு தட்டு தம்பி, வந்துடும்."

"தட்டுனா ஏண்ணே வருது?"

"வருதுல்ல? அப்புறம் என்ன ஏன் எதுக்குன்னு!"

அவர் சொன்னது போலவே வந்தும் விடும். அதனால் அந்த மருந்தின் பேரில் எல்லோருக்கும் நம்பிக்கை. பிறகு ஒரு சீனியர் அண்ணன் ராம் கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டார். டிஸ்ப்ளே வந்தது. கைதட்டல்! மறுநாள் காலை மறுபடியும் கறுப்பு. வெளியிலிருந்து வந்த சர்வீஸ்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார். "போர்டு போச்சு. இந்த மாடல் போர்டு இப்ப வர்றதில்லை. புதுசா வாங்கிக்குங்க" என்றார். கண்டம் லிஸ்டில் ஒரு வரி ஏறியது.

லிஸ்ட் கையெழுத்தாகி வருவதற்கு நாள் ஆகும் அல்லவா? அந்த இடைவெளியில் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றைக் கிழித்து அந்த மேஜையில் வைத்தேன். பத்து வேலை நாள். தேதி, நேரம், எத்தனையாவது முறை ஸ்விட்ச் போட்டதும் டிஸ்ப்ளே வந்தது, அவ்வளவுதான். பத்து நாளில் தெரிந்தது இது. காலை முதல் பீரியடில் மட்டும்தான் தகராறு. நான்கு ஐந்து முறை போட்டு அணைத்தால் வந்துவிடும். வந்தால் சாயந்திரம் வரைக்கும் போகாது. இரண்டு நாள் லீவுக்குப் பிறகு திங்கட்கிழமை காலை ஒன்பது முறை போட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு நாள் மத்தியானம் அரை மணி நேரம் கரண்ட் போய் வந்தபோது முதல் முறையிலேயே டிஸ்ப்ளே வந்தது!

அதாவது ஆறிக் கிடந்தால் வராது, சூடேறினால் வரும். லேப் அண்ணனின் தட்டு வேலை செய்ததன் ரகசியமும் இதுதான். நாங்கள் நான்கு முறை போட்டுப் பார்த்து அலுத்துப் போய்த்தானே அவரைக் கூப்பிடுவோம்! அதற்குள் உள்ளே கொஞ்சம் சூடு பிடித்திருக்கும். ரப்பரால் தேய்த்த கதையும் அப்படியே.

ஆறியிருக்கும்போது முரண்டு பிடிக்கும் பாகம் எது? கண்டன்சர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். சின்ன அலுமினிய டப்பா. உள்ளே ஈரமான ஒரு கரைசல் இருக்கும். வயதாகி அந்த ஈரம் காய்ந்தால் உள்தடை ஏறும். குளிர்ந்த நேரத்தில் இன்னும் அதிகமாக ஏறும். அதனால் பிராசஸருக்குப் போகும் மின்சாரம் சீராக இல்லாமல் அலைபாயும். பிராசஸர் எழுந்திருக்காது. அது எழுந்தால்தானே திரைக்கு ஏதாவது அனுப்பும்? டிஸ்ப்ளே போனதாக நாம் சொல்கிறோம், மானிட்டர் பாவம் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது.

ஆசிரியரின் அனுமதியோடு, அவர் பக்கத்தில் நிற்க, மூடியைத் திறந்தோம். பிராசஸர் ஓரமாக இருந்த கெபாசிட்டர்களில் மூன்று, தலை உப்பி நின்றன. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் பொருக்கு. கடைவீதியில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். "சின்ன அயர்ன் இதுக்கு ஆகாது தம்பி, போர்டு உள்ளாற செப்புத் தகடு சூட்டை இழுத்துக்கும்" என்று பெரிய சால்டரிங் அயர்னை எடுத்தார். மூன்று கெபாசிட்டரும் சேர்ந்து ஒரு சினிமா டிக்கெட் விலை இல்லை. மாற்றுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மைனஸ் பக்கக் கோடு பழையதில் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதும் நிற்க வேண்டும். 105 டிகிரி என்று அச்சிட்டதையே வாங்க வேண்டும், 85 வேண்டாம்.

ஏன் என்று கேட்டால் அதற்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. இந்தக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு ஏறினால் ஆயுள் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று எழுதியிருந்தால், 85 டிகிரியில் 8,000 மணி, 65 டிகிரியில் 32,000 மணி. ஒரு லேப் வருடத்துக்கு 220 நாள், நாளுக்கு 6 மணி நேரம் ஓடுவதாக வைத்தால் 1,320 மணி. தூசி அடைத்த ஃபேனோடு 85 டிகிரியில் வெந்துகொண்டிருந்தால் ஆறு வருடம். சுத்தமாக வைத்து 65 டிகிரியில் ஓடவிட்டால் 24 வருடம்! நம் ஊரில் தூசி என்றால் சாதாரணத் தூசியா? காய்ந்த களிமண் பொடி. காற்றிலே மிதந்து வந்து ஃபேனில் அப்பி, மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உட்காரும். மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும்.

இந்தக் கெபாசிட்டர் விவகாரம் உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டியது. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை விற்ற ஏராளமான போர்டுகளில் கரைசலே சரியாகத் தயாரிக்கப்படவில்லை. அதிலிருந்த தண்ணீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகி, டப்பா உப்பி வெடித்தது. டெல் கம்பெனி 2005-இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. இத்தனை பெரிய விஷயம் வயிறு உப்பின மாதிரி கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஆனால் பார்க்க வேண்டுமென்றால் மூடியைத் திறக்க வேண்டுமே!

எங்கள் கம்ப்யூட்டருக்குச் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு, ஜாதகம் வேறு. மேஜையை இடித்தாலோ ஒயரைத் தொட்டாலோ டிஸ்ப்ளே போகிறதா? வி.ஜி.ஏ. கேபிளின் இரண்டு திருகாணியையும் இறுக்கிவிட்டு, 15 பின்னில் ஏதாவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். திரை கறுப்பு, ஆனால் நம்லாக் பட்டனை அமுக்கினால் விளக்கு எரிந்து அணைகிறதா? கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, கோளாறு மானிட்டர் பக்கம். டார்ச் லைட்டைச் சாய்வாகத் திரையில் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்னால் எரியும் விளக்குதான் போயிருக்கிறது. ஸ்விட்ச் போட்டதும் பீப் சத்தம் கேட்டால் அதை எண்ண வேண்டும். அவார்டு பயாஸ் உள்ள போர்டில் ஒரு நீண்ட பீப், இரண்டு குட்டை பீப் என்றால் கிராஃபிக்ஸ் பக்கம் தகராறு. பல கம்ப்யூட்டர்களில் அந்தக் குட்டி ஸ்பீக்கரே இல்லை. சில ரூபாய்க்குக் கிடைக்கும், மாட்டிக்கொள்ளலாம். கடிகாரம் தினமும் ஏதோ பழைய தேதிக்கு ஓடிப்போனால், போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. சில போர்டுகள் அந்தப் பேட்டரி இல்லாமல் கண்ணே திறக்காது.

ராம் கார்டை ரப்பரால் தேய்ப்பதை நான் கேலி செய்யவில்லை. தொடர்பு முனையில் அழுக்கு படிந்திருந்தால் அது நல்ல வைத்தியம்தான். பென்சில் அழிக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பரால், மெதுவாக. மை அழிக்கும் சொரசொர ரப்பர் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு மெல்லியது, உரிந்துவிடும். திரும்பச் சொருகும்போது போர்டு வளையாமல் கீழே கை கொடுக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஜாதி ஒன்று உண்டு. காலையில் நன்றாக வரும், இருபது நிமிடம் ஓடிச் சூடேறியதும் போகும். ஃபேன், தெர்மல் பேஸ்ட் இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் கிராஃபிக்ஸ் சிப்பின் அடியில் இருக்கும் சால்டர் மணிகளில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ள எலக்ட்ரானிக்ஸ்காரர்களைவிட நமக்கு எளிது! கிளேஸும் பாடியும் ஒரே அளவு விரிந்து சுருங்காவிட்டால் என்ன ஆகும்? கிரேஸிங். சாஸர் முழுக்க வலை பின்னியது போல் விரிசல். சிப்பும் அப்படித்தான். சிலிக்கான் ஒரு டிகிரிக்கு ஒரு பங்கு விரிந்தால், அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் தகடு ஐந்து பங்குக்கு மேல் விரியும். தினமும் சூடேறி ஆறி, இடையில் மாட்டிக்கொண்ட சால்டர் மணி ஒரு நாள் விட்டுவிடும். லேப்டாப்புகளுக்கான கிராஃபிக்ஸ் சிப்புகள் இப்படிப் பழுதானதற்காக என்விடியா கம்பெனி 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

இதைப் படித்துவிட்டு யாரும் கிராஃபிக்ஸ் கார்டை நம் லேப் டிரையிங் ஓவனில் வைத்துவிடாதீர்கள்! அப்படி ஒரு 'வைத்தியம்' ஊரெல்லாம் பரவியிருக்கிறது. சில வாரம் டிஸ்ப்ளே வரும், பிறகு போகும். ஓவனில் நம் சாம்பிள் எல்லாம் நாறும். அதுதான் மிச்சம்.

இப்போது போர்டு ஏன் வளையக் கூடாது என்பதைச் சொல்கிறேன். போர்டு முழுக்க எள் விதை அளவில் பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனையும் பீங்கான்! பேரியம் டைட்டனேட் என்னும் செராமிக்கை மெல்லிய ஏடுகளாக வார்த்து, நடுநடுவே உலோகப் பூச்சு வைத்து, அடுக்கடுக்காகச் சேர்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்த கெபாசிட்டர்கள். பீங்கானுக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். போர்டை வளைத்தால் உள்ளுக்குள் கீறல் விழும், சில சமயம் ஷார்ட் ஆகும், அப்புறம் நிஜமாகவே டிஸ்ப்ளே போகும்.

ஜப்பானில் கியோட்டோ என்ற ஊர் நம் ஊர் மாதிரி பாத்திரமும் இன்சுலேட்டரும் சுட்ட ஊர். அங்கே 1944-இல் தொடங்கிய முராட்டா கம்பெனிதான் இன்று இந்த எள் விதைக் கெபாசிட்டருக்கு உலகப் பெயர் பெற்றது. அதே ஊரில் 1959-இல் கசுவோ இனாமோரி தொடங்கிய கியோசெராவின் முதல் சரக்கு என்ன தெரியுமா? டி.வி. பிக்சர் டியூபுக்குள் வைக்கும், 'யு' வடிவப் பீங்கான் இன்சுலேட்டர். டிஸ்ப்ளே என்ற ஒன்று வருவதற்கே பீங்கான் தேவைப்பட்டது. நாம் நெய்வேலிக் களிமண்ணில் பொம்மையும், அகலும், பீஸ் கேரியரும் செய்கிறோம். அது குறைவான வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் மூடிக்குள் கை வைக்க நமக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் மட்டும் சிரிப்பு வருகிறது.

சரி, ஒரு கம்ப்யூட்டர் போனால் என்ன குடி முழுகிவிடும்? மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று இருக்கும் இடத்தில் ஒன்று போனால் நான்கு பேருக்கு ஒன்று ஆகும். ஒருவன் கீபோர்டைப் பிடிப்பான், ஒருவன் மவுஸைப் பிடிப்பான், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்கிறவர் வாரா வாரம் மாறுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எப்போதும் அதே ஆள்தான். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர், 'நான் கொஞ்சம் பண்ணட்டுமா' என்று கேட்கக் கூச்சப்படுகிறவர். பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு மட்டும் அவர் தனியாக உட்கார வேண்டும். ஆண்டு முழுக்க எட்டிப் பார்த்தவர் அன்றைக்கு எதைத் தட்டுவார்? 'நோ டிஸ்ப்ளே' என்று எழுதிய ஒரு வரியின் விலை இதுதான்.

ஆசிரியர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அரசாங்கச் சொத்து, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள். பையன் கழற்றி ஒரு திருகாணி தொலைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆபத்தும் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் 230 வோல்ட் ஏ.சி. போய் 325 வோல்ட் டி.சி. ஆகி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தப் பெட்டியை மாணவர்கள் திறக்கவே கூடாது, சந்தேகம் வந்தால் வேறொன்றை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பழைய சி.ஆர்.டி. மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதைக் கட்டிக்கொண்டு அழுவதில் பிரயோஜனம் இல்லை, முறைப்படி அனுப்பத்தான் வேண்டும்.

ஆனால் காரணம் தெரிந்து கண்டம் பண்ணுவது வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளே, பழையதைப் பழுது நீக்கித் தருபவர்களுக்கும் தனிப் பதிவு வைத்திருக்கின்றன. பழுது நீக்குவது ஒன்றும் சட்டத்துக்குப் புறம்பான காரியமல்ல! அதுவும் இப்போது விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அந்தச் சாக்கில் நல்ல கம்ப்யூட்டர்களும் மூட்டையாகக் கட்டப்படும். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற ஒன்றைப் போட்டுப் பாடம் நடத்தலாமே என்று யாராவது கேட்பதற்குள் லாரி வந்துவிடும்.

மாணவர் பேரவை சார்பில் நாம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் கயிறு கட்டிய ஒரு நோட்டு. கோளாறு நடந்த நேரம், கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் ஓடியபின் நடந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், எப்படித் திரும்பி வந்தது என்று நான்கு கட்டம். கண்டம் லிஸ்டில் 'நோ டிஸ்ப்ளே' என்று எழுதினால் ஏற்கக் கூடாது, எந்தப் பாகம், எப்படித் தெரிந்தது என்று எழுத வேண்டும். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து பார்க்க ஒரு வகுப்பு.

ஸ்டோர் ரூமில், உடைந்த சாகர்களுக்குப் பின்னால், ஆறு சி.பி.யு. அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆறின் மேலேயும் ஒரே சீட்டு, ஒரே வாசகம். இரண்டு சனிக்கிழமை அனுமதி கொடுத்தால் பார்த்துவிடலாம். மல்டிமீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளை ரப்பரும், பிரஷ்ஷும், இரண்டு சி.ஆர். 2032 பேட்டரியும் வாங்க வேண்டும். வருகிறவர்கள் கையோடு ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள்.